கலந்து வாழும் செலவு யார் கணக்கில்?

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் அடுக்குமாடி புளோக்குகளில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு கட்டும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கைவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. மின்தூக்கிக்குள் மூன்று மொழி காதில் விழும் புளோக்கில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 1989இல் அமைச்சர் தனபாலன் இதைக் கொண்டுவந்தபோது காரணமும் இருந்தது. பிடோக்கில் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள், ஈசூனில் இந்தியர்கள் என்று ஊர் மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உறுத்துவது வீட்டை விற்கும் நேரத்தில் நடப்பது.

ஒரு புளோக்கில் சீனர்கள் 87 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 25, இந்தியரும் மற்றவரும் 15 வரை. எல்லா இனத்துக்கும் வரம்பு உண்டு, சரி. இப்போது ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் நான்கில் மூன்று பேர் சீனர்கள்; அத்தனை பேரையும் அவர் இழக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனரோ யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்; சீனருக்கே விற்றாலும் சீனர் எண்ணிக்கை கூடாதே. இதையே திருப்பிப் பாருங்கள்: இந்தியர் வரம்பு நிரம்பினால் சீனர் இழப்பது பத்தில் ஒருவரையோ இருவரையோதான். விதி ஒன்றுதான். ஆனால் எண்ணிக்கையில் சிறியவன் தலையில் விழும்போது அதன் கனமே வேறு.

வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். ‘குறைந்த விலைக்கு வாங்கியவர் குறைத்து விற்கட்டுமே’ என்பார்கள். வரம்பு நிலவரம் மாதாமாதம் மாறுகிறதே ஐயா! வாங்கிய அன்று நிரம்பாதது விற்கும் அன்று நிரம்பியிருக்கும். ஓய்வுக்காலத்தில் சின்ன வீட்டுக்கு மாறி மீதிப் பணத்தில் காலம் தள்ள நினைக்கும் பெரியவருக்கு இது சின்ன அடி இல்லை.

2022இல், நெடுநாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் என்றீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேறு வழியின்றி விலையைக் குறைத்து விற்றுவிட்டுப் போனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். வீடுதான் விற்றுப்போயிற்றே!

இன நல்லிணக்கத்தின் பலன் எல்லாருக்கும் கிடைக்கிறது. அப்படியானால் அதே புளோக்கில் அதே அளவு வீடு போன விலைக்கும் குறைத்து விற்றவர் பெற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, வரம்பு தடுத்ததுதான் காரணம் என்றால், பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். மறுவிற்பனை ஒவ்வொன்றும் உங்கள் வழியாகத்தான் பதிவாகிறது. கணக்குப் போட வேண்டிய எண்கள் உங்களிடமே இருக்கின்றன.

இப்படிக்கு,
புளோக்வாசி ஒருவன்