கடிதம் எழுதிய தங்கைக்கும் காவல் இருந்த ஊருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் அக்காமார்களுக்கும், எதிர்வீட்டுத் தங்கைக்கும் வணக்கம்.

ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானில் காவல் பணி முடித்து, போன வியாழக்கிழமை விடியற்காலை காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினேன். வீடு வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்னும் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடுகிறது. கை தானாகத் தலைமாட்டில் ஹெல்மெட்டைத் தடவுகிறது. அம்மா எழுந்து விளக்கைப் போடுகிறாள், ஒன்றும் கேட்பதில்லை, தண்ணீர் கொடுக்கிறாள். மனசு இப்படி இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே நடந்ததை நான் இங்கே விவரமாகச் சொல்லப்போவதில்லை. டிவியில் நீங்களே பார்த்தீர்கள். 2016 பிப்ரவரி 17, 18 இரண்டு நாளும், சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் எங்கள் காவலில் தங்கியிருந்த மலக்கால் முகாம் எரிந்த செய்தி வந்தபோது யார் யார் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தீர்கள் என்று அம்மா ஒவ்வொருவராகச் சொன்னாள். ஐப்பசியில் அப்பா விழுந்த ராத்திரி, தக்காளி ஏற்றப் போக இருந்த வண்டியைத் திருப்பி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய அண்ணனுக்கும், அங்கே ரத்தம் கொடுத்த மூன்று பேருக்கும், கூலி வாங்காமல் எங்கள் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக் கொடுத்த அக்காமார்களுக்கும், பால் கணக்கைத் தள்ளிப்போட்ட மாமாவுக்கும் கோடி நன்றி. கம்மவான்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அம்மாவுக்குத் தைரியம் சொன்ன ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கும் நன்றி. அவர் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள் உண்டு. காத்திருப்பது எப்படி என்று அங்கே பெண்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போனவன் நான் ஒருத்தன்தான். அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இனி அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முகாமில் எங்களுக்குத் தகரப் பெட்டி மாதிரி கன்டெய்னர் அறை. சுற்றிலும் கம்பிக் கூடையில் மண் அடைத்த மதில், அதன்மேல் முள்கம்பி. அப்பால் வெள்ளை நைல். மழை பிடித்துவிட்டால் கரிசல் மண் பூட்ஸில் செங்கல் மாதிரி அப்பிக்கொள்ளும், வண்டி எதுவும் நகராது. வெயில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்த உடம்பு. கொசு வலை, மலேரியா மாத்திரை, காவல் கோபுரத்தில் இரவுப் பணி, திரும்பி வந்து பருப்பு சாதம். நாள் ஓடிவிடும். ஓடாதது சாயங்காலம்தான். அப்போது அங்கே ஆறு மணி என்றால் ஊரில் எட்டரை. இந்நேரம் ஒடுகத்தூர் பஸ் போயிருக்கும், அம்மா களி கிண்டி முடித்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நிற்பேன்.

போன் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் "சாப்ட்டியா" என்பாள் அம்மா. "சாப்ட்டேன், நீ?" என்பேன். அப்புறம் அவள் அழுவது கேட்கும். லைன் போய்விடும். வீடு எப்படி இருக்கிறது என்று போனில் எனக்குத் தெரிந்ததே இல்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த அந்தப் பெண், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார ஆரம்பித்துவிட்டது. அம்மா சொல்வதைத் திருத்தி, பள்ளிக்கூடத்துக் கடிதம் மாதிரி "நலம், நலமறிய ஆவல்" என்று அது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அம்மா வாயிலிருந்து வந்தது அத்தனையையும் அப்படியே எழுதிவிட்டது. படையின் தபால் பையில் வந்த முதல் கடிதம் இன்னும் எனக்கு மனப்பாடம்:

"கண்ணு, நல்லாகீறியா. நாங்க நல்லாகீறோம். கெணத்துல தண்ணி மேல வந்துட்ச்சி. ஏய், அந்தக் கோழி கேவுருல வாய் வெக்குது பாரு, தொரத்து. இன்னா சொன்னேன்? ஆங், தண்ணி. யாரு அது? பால்காரரா? நாளைக்கு அரை லிட்டர் போதும்னு சொல்லு. இதையும் எழுதிறியா நீ? அட, அடி."

கோபுரத்துப் பணி முடிந்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் இதைப் படித்தேன். பட்டாளத்தில் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். வீட்டு வாசலில் போய் நின்ற மாதிரி இருந்தது. கோழியின் குரல்கூடக் கேட்டது.

17 கடிதங்கள் வந்தன. எங்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஆறு பேர். கடிதம் வந்த அன்றைக்கு நான் சத்தமாகப் படிக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் பஞ்சாப்காரருக்கு இந்தியில் சொல்ல வேண்டும். அவர் காவல் மாற வரும்போதெல்லாம் முதலில் கேட்பது, உங்கள் வீட்டுக் கோழி முட்டை வைத்ததா என்றுதான்.

பிப்ரவரிக்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு எதுவும் படிக்க முடியவில்லை. எங்களை நம்பி வேலிக்குள் இருந்தவர்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல். டிங்கா, நுவேர், ஷில்லுக் என்று மூன்று இனத்தாரும் மலக்கால் டவுனில் ஒரே கடைத்தெருவில் உப்பும் சோளமும் வாங்கியவர்கள். அவர்களுக்குள்தான் சண்டை மூண்டது. தீ அடங்கிய பிறகு பெண்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி நடந்தார்கள். பாஷை தெரியாது. ஆனால் அது பெயர் என்று புரிந்தது.

வைகாசியில் வந்த கடிதத்தில் நம் திரௌபதை அம்மன் கோயில் பாரதம் பற்றி இருந்தது. பாரதப் போர் முடியும் படுகளத்துக்கு மண்ணில் செய்த துரியோதனன், மழையில் மூக்கு கரைந்து கிடந்தான் என்று அம்மா சொல்ல, தங்கை எழுதியிருந்தது. சின்ன வயசில் அந்தப் படுகளத்தை வேடிக்கைதான் பார்த்தேன். பங்காளிகள் வெட்டிக்கொண்டால் ஊர் என்ன ஆகும் என்று அந்தக் கூத்து வருஷா வருஷம் சொல்லியும் எனக்கு உறைத்ததில்லை. முகாமில் அந்தக் கடிதத்தைப் படித்தபோது உறைத்தது. இனிமேல் லீவு கிடைக்கிற வருஷமெல்லாம் பதினெட்டு நாளும் வந்து உட்காருவேன். மண் குழைக்கவும் வருவேன்.

தங்கைக்கு நான் கொண்டுவந்தது ஒரு பேனாவும் ஒரு நீலத் தொப்பியும். அது செய்ததற்கு இது ஈடில்லை. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அது எது படிக்க ஆசைப்பட்டாலும் அந்தப் படிப்புச் செலவில் என் பங்கும் உண்டு என்று அதன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடப்போவதில்லை.

பதினெட்டாவது கடிதம் ஒன்றும் உண்டாம். நான் கிளம்பிய பிறகுதான் மலக்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். திருப்பி அனுப்பச் சொல்லி நண்பர்களுக்குச் செய்தி சொல்லிவிட்டேன். அதில் என்ன எழுதினாய் என்று நேற்று தங்கையிடம் கேட்டேன். "வரட்டும்ண்ணா, நீங்களே படிச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கேவுருப் பக்கம் வந்த கோழியைத் துரத்த ஓடிவிட்டது.