ஓயாக் கரையில் கிழங்கு போடுகிறவரையும் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா மாவட்டத்தின் விவசாய, கால்நடை அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போனதிலிருந்து வெள்ளத்தைத் தாங்கும் விவசாயம் பற்றி எங்கும் பேச்சாக இருக்கிறது. அதில் அடிக்கடி காதில் விழுவது, ஆற்று ஒதுக்கு நிலத்தில் மரக்கறி போடுகிறார்கள், அதனால்தான் கரை அரிக்கிறது என்பது. போடுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் ஏன் அங்கே போய்ப் போடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் நாலு பாத்திக்கு மேல் இடம் கிடையாது. மேட்டு நிலமெல்லாம் தேயிலை. 1992-ல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசாங்கத்துக்கு, குத்தகை கம்பனிக்கு, குடியிருப்பவருக்கு ஒன்றுமில்லை. வீட்டுத்திட்டம் வந்த இடங்களில் 7 பேர்ச் நிலம், சுமார் 1,900 சதுர அடி, கொடுத்தார்கள். வீட்டைக் கட்டினால் முற்றம்தான் மிஞ்சும். தேயிலைக்கு ஆகாதென்று விட்ட சதுப்பும் ஓயா என்கிற ஆற்றின் கரையும்தான் மிச்சம். சம்பளம் பத்தாதவர் அங்கே உருளைக்கிழங்கும் வெங்காயத் தாள் போன்ற லீக்ஸும் போடுகிறார், ஓரமாகக் கொட்டில் அடித்து மாடு வைக்கிறார். வெள்ளம் முதலில் ஏறுவதும் அங்கேதான்.

லீக்ஸுக்கு மண் அணைத்துக் கட்டியிருக்கும். சாலில் தண்ணீர் தேங்கி நின்றால் வெள்ளைத் தண்டு அடியிலிருந்து அழுகும். மேலே இலை பச்சையாகவே நிற்கும், பிடுங்கினால் கொழகொழவென்று கையோடு வரும். போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினால், "இலை நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

எங்கள் கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்தில் ஒருவர் நட்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். காணி உறுதி எங்கே, குத்தகைப் பத்திரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்ட உத்தியோகத்தரைக் குறை சொல்ல முடியாது, படிவம் அப்படி. உறுதி இல்லாவிட்டாலும், கிராம உத்தியோகத்தர் நேரில் பார்த்து உறுதிப்படுத்தினால் அவரைக் கமக்காரராகப் பதியலாம் என்று உங்கள் திட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் விதையோ உரமோ காப்புறுதியோ எங்கள் பக்கம் வராது. கரையை விட்டு எழும்பச் சொல்வதானால், கம்பனிகள் தேயிலை எடுக்காமல் காடேற விட்டிருக்கும் மேட்டுத் துண்டுகளை அளந்து கொடுங்கள். மாற்று நிலம் இல்லாமல் ஒதுக்கு நிலத்தைக் காலி செய்ய வைத்தால், அடுத்த போகத்துக்கு அதே ஆட்கள் அங்கேயேதான் நிற்பார்கள்.

மாட்டு விஷயமும் அப்படித்தான். பாதை அடைபட்டால் பால் போகாது. மாடு மட்டும் நேரத்துக்குக் கறக்கச் சொல்லிக் கத்தும். கன்றுக்கு விட்டு, அயலுக்குக் கொடுத்து, மிச்சத்தைக் கானில், அதாவது வாய்க்காலில், ஊற்றுகிறோம். கொட்டில் தரை ஈரமாகவே கிடப்பதால் பின்னாலேயே மடிநோய் வரும். மிருக வைத்தியர் ஏறி வருவதற்குள் ஒரு காம்பு போய்விடும். நல்ல இன மாடு கொடுப்பதாகத் திட்டம் போடுகிறீர்கள், சரி. அதற்கு முன்னால் மேட்டில் சிமெந்துத் தரையோடு ஒரு பொதுக் கொட்டிலும், ஜெனரேட்டரில் ஓடும் ஒரு பால் குளிரூட்டும் தொட்டியும் வேண்டும்.

இனி, கான். திட்டத்தில் இதற்கு ஒரு வரியாவது இருக்குமா என்று தெரியவில்லை, என்னைக் கேட்டால் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துத் தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டுவார்கள். உள்ளே இடையிடையே சிறு திட்டு விட்டிருப்பார்கள். மண் அங்கே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மெல்ல வழிந்து இறங்கும். வருடம் தவறாமல் தூர் வாருவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். இப்போது செலவு மிச்சம் பிடிக்க முதலில் நிறுத்துவது கான் வெட்டைத்தான். பல கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. அதோடு புல்லுக்கு மருந்தடித்து மண்ணை மொட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மண்ணெல்லாம் ஆக்ரா ஓயாவுக்குள் இறங்கி, கொத்மலை ஓயா வழியாகத் தலவாக்கலை மேல் கொத்மலை அணைக்கட்டுக்குப் போய்ச் சேருகிறது. தண்ணீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் பார்த்தோம்.

கானோரம் மானாப்புல்லும் கோ-3 என்ற தீவனப் புல்லும் நட்டால் மண்ணும் நிற்கும், கோ-3 மாட்டுக்கும் ஆகும். மானா வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது தோட்டத் துரைமாருக்குப் புதிதில்லை. தேயிலையைப் பிடுங்கி மறு நடவு செய்யுமுன் மண் தேற அவர்களே போடுவதுதான். கானைத் தூர் வாருவதற்குக் கூலியும், ஓரத்தில் புல் அறுக்கும் உரிமையும் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுங்கள். மருந்தடித்த மலையில் புல் அறுத்துப் போட்டு மாட்டைச் சாகக் கொடுக்கும் பயமும் தீரும். இதற்குக் கம்பனிகளின் சம்மதம் வேண்டும். நாங்கள் போய்க் கேட்டால் கேற்றைத் தாண்ட முடியாது, நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள்.

இன்னொன்று, நடுகைக் காலம். எங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, வலப்பனைப் பக்கம் வருடக் கடைசியில் வடகிழக்கு மழை. முழு மாவட்டத்துக்கும் ஒரே அட்டவணை போட்டு, ஒரே வாரத்தில் விதை கொடுக்காதீர்கள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தை மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். கொழுந்துக்குப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ வையுங்கள். மாடு வைத்திருக்கும் பெண்கள் நாலு மணிக்குக் கறக்கப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆக்ரா ஓயாக் கரையில் மாடு வளர்க்கும் ஒருவர்