வரானுக்குக் கிடைக்காத பத்து நிமிடம்: கால்பந்து விதிகளை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2014 உலகக் கோப்பையின் காலிறுதி ஆட்டம் ஒன்று என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ரியோவின் மரக்கானா மைதானம், ஜூலை 4. பதின்மூன்றாவது நிமிடத்தில் ஜெர்மனியின் டோனி க்ரூஸ் இடப்பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடிக்கிறார். பந்து வளைந்து பெனால்டி ஏரியாவுக்குள் வருகிறது. மாட்ஸ் ஹும்மெல்ஸ் எகிறுகிறார். அவரோடு தோளுரச நின்ற ஃபிரான்ஸ் டிஃபெண்டரால் அவரை மீறி எழ முடியவில்லை. ஹும்மெல்ஸ் தலையால் முட்டிய பந்து மேல்கம்பத்தின் அடியில் பட்டு வலைக்குள் விழுகிறது. அந்த ஒரே கோலில் ஃபிரான்ஸ் வீட்டுக்குப் போனது.

டிவி முன்னால் உட்கார்ந்து அந்த டிஃபெண்டரை நானும் திட்டினேன். ஆறடி மூன்று அங்குல உயரம் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவருக்கு அப்போது வயது 21. பெயர் ரஃபேல் வரான்.

பத்து வருடம் கழித்து, 2024 ஏப்ரலில், ஃபிரான்ஸின் லெக்கீப் விளையாட்டு நாளிதழுக்கு வரான் ஒரு பேட்டி கொடுத்தார். அதைப் படித்த அன்று அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஜெர்மனி ஆட்டத்துக்கு நாலே நாள் முன்னால், பிரசீலியாவில் நைஜீரியாவுக்கு எதிராக ஆடும்போது அவருக்குத் தலையில் பலமாக அடிபட்டிருக்கிறது. மீதி ஆட்டத்தை ஆட்டோபைலட்டில் ஓடும் விமானம் போலத்தான் ஆடி முடித்தேன் என்கிறார். ஜெர்மனிக்கு எதிராக இவரை இறக்கலாமா என்று அணிக்குள்ளேயே கேள்வி எழுந்திருக்கிறது. இறக்கினார்கள். ஹும்மெல்ஸ் கோலுக்கு அந்த அடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வரானும் அப்படிச் சொல்லவில்லை, அந்த ஆட்டத்தைத் தான் நன்றாகவே ஆடியதாகத்தான் சொல்கிறார். அவர் கேட்பது வேறு: அன்று இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

வரான் சாதாரண ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். லீல் நகரத்தில் பிறந்தவர், அப்பா மார்ட்டினிக் தீவுக்காரர். லான்ஸ் கிளப்பின் இளையோர் பயிற்சியில் வளர்ந்து, 2011இல் 18 வயதில் ரியல் மாட்ரிட் போனார். அங்கே பத்து வருடம், நான்கு சாம்பியன்ஸ் லீக் பட்டம், மூன்று லா லிகா (ஸ்பெயின் லீக்) பட்டம். 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் உருகுவேக்கு எதிராக முதல் கோல் அவர் தலையால் அடித்ததுதான். அந்தக் கோப்பையையும் தூக்கினார். அவசரமே படாமல், சட்டை அழுக்காகாமல் பந்தைப் பறிக்கிற டிஃபெண்டர்கள் அபூர்வம். வரான் அந்த ரகம். அதனால்தான் அவர் தடுமாறிய இரண்டு மூன்று நாட்கள் அப்படியே ஞாபகத்தில் நிற்கின்றன.

அதில் ஒன்று 2020 ஆகஸ்ட் 7. ஆளில்லாத எதிஹாட் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியோடு சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் தன் கோலுக்கு வெகு அருகில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தாமதிக்கிறார் வரான். கேப்ரியல் ஜீசஸ் வந்து பிடுங்கி ஸ்டெர்லிங்கிடம் கொடுக்க, கோல். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்தைக் கோல்கீப்பர் கூர்த்துவாவுக்குத் தலையால் தட்டிவிடப் பார்க்கிறார். வலு போதவில்லை. ஜீசஸ் குறுக்கே பாய்ந்து அதையும் கோலாக்குகிறார். இரண்டு கோலும் வரானின் கணக்கில் எழுதப்பட்டன. மறுநாள் அவரைக் கிழிக்காத பத்திரிகை இல்லை. அதற்குச் சில வாரம் முன்னால் கெட்டாஃபேவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டிருந்ததை யாரும் பேசவில்லை. சிட்டி ஆட்டத்துக்குள் தன்னால் நுழையவே முடியவில்லை, வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவன் மாதிரி இருந்தேன் என்று அந்தப் பேட்டியில் சொல்கிறார்.

கால் உடைந்தால் ஊருக்கே தெரியும். மூளை அதிர்ந்தால் அடிபட்டவனுக்கே சரியாகத் தெரியாது. வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிப் பழகியவன், களைப்பாக இருக்கிறது, கண் சோர்கிறது என்று எப்படிப் போய்ச் சொல்வான்? 2023-24 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்தபோது வரான் சொன்னார். ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்பப் பந்தைத் தலையால் முட்டியதும், அடுத்த நாட்களில் வழக்கத்துக்கு மாறான அசதி. மருத்துவக் குழுவிடம் சொன்னார், ஆட வேண்டாம் என்றார்கள், சோதித்தார்கள், அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. அதுதான் நடக்க வேண்டியது. ஆனால் அந்தத் தெளிவு வரும்போது அவர் முப்பதைத் தொட்டுவிட்டார்.

அவரது ஆட்டம் முடிந்தது தலையால் அல்ல, முழங்காலால். 2024 கோடையில் இத்தாலியின் கோமோ கிளப்பில் சேர்ந்து, முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு, செப்டம்பரில் 31 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆனால் உடம்பைச் சேதப்படுத்திக்கொண்டேன் என்று அவரே சொன்னது இந்த அடிகளைப் பற்றித்தான். கால்பந்து ஆடும், அப்போது ஏழு வயதான தன் மகனிடம், பந்தைத் தலையால் முட்டாதே என்று சொல்லிவைத்திருக்கிறாராம்.

சரி, உங்கள் விதிக்கு வருகிறேன்.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு உங்கள் மேசைக்கு எப்போதோ வந்திருக்கும். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். மறதிநோய் போன்ற நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட இவர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் வெளியிட்டார்கள். 2021இல் மைதானத்தில் ஆடும் இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. டிஃபெண்டர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. வரான் நின்ற இடம் அது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021இல் மூளை அதிர்ச்சிக்கென்று கூடுதல் மாற்று ஆட்டக்காரரைச் சோதித்தீர்கள். 2024-25 பருவத்திலிருந்து விதிப்புத்தகத்திலேயே சேர்த்தீர்கள். ஆனால் அது நிரந்தர மாற்று. வெளியே போனவர் போனவர்தான். அதையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைப் போட்டி நடத்துபவர்களிடம் விட்டுவிட்டீர்கள். தற்காலிக மாற்றை, அதாவது அடிபட்டவரை மருத்துவர் பரிசோதிக்கும் சில நிமிடம் மட்டும் வேறொருவர் ஆடுவதை, சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் ஃபிரான்ஸின் லீக் 1உம் அமெரிக்காவின் எம்எல்எஸ்ஸும் வந்தபோது, 2023 தொடக்கத்தில் மறுத்துவிட்டீர்கள். ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் அவர்கள் பக்கம்தான் நின்றது.

உங்கள் தரப்பு வாதம் எனக்குப் புரிகிறது. அறிகுறி தாமதமாகத் தெரியலாம். பத்து நிமிடச் சோதனையில் தேறி உள்ளே வந்தவருக்கு ஆபத்து அப்புறம் வரலாம். சந்தேகம் இருந்தால் வெளியே எடு, முடிந்தது. காகிதத்தில் இது சரிதான். புல்தரையில் என்ன நடக்கிறது? ஆட்டக்காரர் கீழே கிடக்கிறார். எண்பதாயிரம் பேர் கத்துகிறார்கள். மருத்துவர் குனிந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வெளியே எடுத்தால் அணியின் சிறந்த டிஃபெண்டர் இன்று திரும்பவே முடியாது. பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடிபட்டவரோ, எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள் என்கிறார். 2014 இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு அப்படித்தான் ஆனது. அடிபட்டும் ஆடிக்கொண்டிருந்தவர், நடுவரிடமே போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். அதன் பிறகுதான் வெளியே அழைத்தார்கள்.

ரக்பியில் சந்தேகம் வந்தால் ஆளை வெளியே எடுத்து, சத்தம் இல்லாத அறையில் வைத்து, பன்னிரண்டு நிமிடம் சோதிக்கிறார்கள். அந்த நேரத்துக்கு வேறொருவர் ஆடுகிறார். அணிக்கு நஷ்டம் இல்லாததால் மருத்துவர் தயங்காமல் கூப்பிடுகிறார். தற்காலிக மாற்று எல்லா அதிர்ச்சியையும் கண்டுபிடித்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முறைகூட அறைக்குள் போகாமல் ஆட்டத்தைத் தொடர்கிறவர்களில் சிலரையாவது அது உள்ளே அனுப்பும். பிரசீலியாவில் 21 வயது வரானையும் அனுப்பியிருக்கும்.

உங்கள் எட்டு வாக்குகளில் நான்கு ஃபிஃபாவிடம் இருக்கின்றன. மற்றவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்கு ஆளுக்கொன்று. விதியை மாற்ற ஆறு போதும். இதில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் 2020லேயே ஆரம்பப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சியே வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டன. குழந்தைகளுக்காக அவ்வளவு யோசித்த அந்த மூன்று சங்கங்களிடம் தனியாகவே கேட்கிறேன்: தற்காலிக மாற்றுச் சோதனையை அடுத்த வருடாந்தரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நீங்களே வையுங்கள். கேட்கிற லீக்குகளில் இரண்டு பருவம் ஓடட்டும். எத்தனை பேர் அறைக்குள் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வரானையும் அழைத்து, நைஜீரியா ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் எப்படி இருந்தன என்று அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
டிஃபெண்டர்களை நேசிக்கும் ஒரு பார்வையாளன்