நுரையீரலை எட்டாத மருந்தைக் குறை சொல்லலாமா?

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் வென்டிலேட்டர் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரல் அழற்சியால் நீர் கோத்து மூச்சுத் திணறும் கடும் பாதிப்பு, வந்த பெரியவர்களுக்கு, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து பலன் தராது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரி அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் அந்த மருந்தின் வேலை கண்கூடு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து, மூச்சுக்குழாய்க்குள் விடுவோம். சற்று நேரத்தில் நெஞ்சு நன்றாக ஏறி இறங்கும். அப்போதே வென்டிலேட்டர் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். தாமதித்தால் நுரையீரல் கிழிந்து காற்று கசியும்.

பெரியவர்களிடம் நடந்தது வேறு. 1996இல் வெளியான ஆய்வில் 725 பேருக்கு வென்டிலேட்டர் காற்றோடு மருந்தையோ வெறும் உப்புநீரையோ நுண்துளிகளாக அனுப்பினார்கள். இறப்பு குறையவில்லை. ஆனால் மருந்தில் நுரையீரல் வரை போனதோ மிகச் சொற்பம். 2011இல் வெளியான ஆய்வில் 843 பேர். மூச்சுக்குழாய்க்குள் நேரடியாகவே விட்டும் பலனில்லை. மருந்தைக் கரைத்த முறையே அதன் வீரியத்தைக் கெடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

நுண்துளி, காற்று போகும் இடத்துக்குத்தான் போகும். மல்லாந்து படுத்திருக்கும் நோயாளிக்கு முதுகுப் பக்க நுரையீரல் சுருங்கி, நீர் கோத்துக் கிடக்கிறது. மருந்து வேண்டியது அங்கே. போவதோ ஏற்கெனவே திறந்திருக்கும் பகுதிக்கு. மீறி உள்ளே போனாலும், ரத்தத்திலிருந்து கசிந்த புரதங்கள் அதைச் செயலிழக்கச் செய்கின்றன. ஊற்றலாம் என்றால் அளவு மலைக்க வைக்கிறது: கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் 70 கிலோ ஆளுக்கு 7 கிராம். குழந்தைகளுக்கான 240 மில்லிகிராம் குப்பியில் கணக்கிட்டால் ஏறக்குறைய 30 குப்பி. எந்தக் குடும்பம் தாங்கும்?

பொறியாளர்களே, மருந்தை நுண்துளியாக்கும் நெபுலைசரை நோயாளியின் குழாய்க்கு அருகில் பொருத்தி, மூச்சு உள்ளே போகும் நேரத்தில் மட்டும் இயங்கும்படி செய்யுங்கள். மூச்சு வெளியேறும்போது வீணாகும் மருந்தாவது மிஞ்சும்.

மருத்துவர்களே, குப்புறப் படுக்கவைத்தும், மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் மூடாமல் தாங்கும் பீப் அழுத்தம் கொடுத்தும் மூடிய பகுதியைத் திறந்த பிறகு மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மில்லிகிராம், நுரையீரலின் எந்தப் பகுதியில் சேர்ந்தது என்பதை இறப்பு விகிதத்துக்கு முன்னால் எழுதுங்கள். போதிய அளவு சேர்ந்தும் உயிர் காக்கவில்லை என்றால் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறேன். 2004இல் வந்த ஆய்வில் ஆக்ஸிஜன் ஏறியும் இறப்பு குறையவில்லை என்பதை மறக்கவில்லை. ஆனால் சேர்ந்த அளவைச் சொல்லாத எந்தப் புதிய ஆய்வுக்கும் உங்கள் நெறிமுறைக் குழுக்கள் அனுமதி தர வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சுவாச சிகிச்சையாளர்