கடையைப் பூட்டச் சொல்ல முன்னர் எங்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடைக்காரருக்கு அரசியல் எதற்கு என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் மல்லாவியில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். வர்த்தகர் சங்கத்திலும் ஒரு கட்சியின் வட்டாரக் கிளையிலும் இருக்கிறேன். அதனால் இந்தப் பதில்.

நானாகப் போகவில்லை, கட்சிக்காரர்தான் தேடி வந்தார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்ததும், 2018 தேர்தலுக்குப் பட்டியல் நிரப்பப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஊரில் எல்லாரையும் தெரிந்தவள் கடைக்காரிதானே. யார் வீட்டில் அரிசி முடிந்தது, யாருக்கு வெளிநாட்டுக் காசு வரவில்லை, யார் கிழமைக் கடன்காரனுக்கு ஒளிந்து திரிகிறார் என்பதெல்லாம் என் கடன் கொப்பியைப் பார்த்தாலே தெரியும். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல், காசில்லையென்று தள்ளிப்போய் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபையில் உறுப்பினர்களே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துவிட்டது என்று சனம் கடைக்கு வந்தது. சீனி நிறுத்துக்கொண்டே சபைச் செயலாளருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தேர்தலில் நின்றவள் கடன் இல்லையென்றும் சொல்ல முடியாது. "வாக்குக் கேட்க மட்டும் வருவியளோ அக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

சரி, அது என் பாடு. கட்சிகள் அறிவிக்கும் கடையடைப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முல்லைத்தீவு நீதிபதி உயிர் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனதற்காக 2023 ஒக்டோபர் 20 இல் பூட்டினேன். இராணுவ முகாமுக்குப் போய்ப் பின்னர் குளத்தில் சடலமாகக் கிடந்த முத்தையன்கட்டு இளைஞரின் சாவுக்கு நீதி கேட்டு 2025 ஆகஸ்ட் 18 இலும் பூட்டினேன். இனியும் பூட்டுவேன். ஆனால் அறிவிப்பவர்களில் பலருக்கு அன்றைக்கும் சம்பளம் உண்டு. எங்களுக்கோ முதல்நாள் இரவே தம்புள்ளை லொறி மரக்கறியை இறக்கிவிட்டுப் போயிருக்கும். பூட்டிய கடைக்குள் ஒரு பகல் வெக்கையில் கிடந்தால் லீக்ஸ் மஞ்சளாகிவிடும், தக்காளி தண்ணீர் விட்டுவிடும். மறுநாள் பாதியைப் பொறுக்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான். இதைக் கூட்டத்தில் சொன்னால் சிலர் இனப்பற்று இல்லாதவளைப் போலப் பார்க்கிறார்கள்.

அந்த ஆகஸ்ட் கடையடைப்பை முதலில் 15 ஆம் திகதி என்றுதான் சொன்னார்கள். மடு மாதா திருவிழா வருகிறதென்று 18க்கு மாற்றினார்கள். நல்ல காரியம். மாதாவுக்காக நாளை மாற்றலாமென்றால் லொறி வரும் நாளையும் கொஞ்சம் பார்க்கலாம்தானே?

மூன்று நாளுக்கு முன்பாவது சொல்லுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வர்த்தகர் சங்கங்களைக் கூப்பிடுங்கள். மொத்த வியாபாரிகளோடு நிறுத்திவிடாமல், சந்தை வாசலில் சாக்கு விரித்து விற்கிற அம்மாவையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு விற்றால்தான் அடுத்த நாள் சரக்கெடுக்க அவருடைய கையில் காசிருக்கும்.

ஒரு கடைக்காரி,
மல்லாவி.