அம்மிணிக்கு, வீல் நட்டு விஷயமாக

அன்புள்ள அம்மிணிக்கு,

சென்னை போய்ச் சேர்ந்ததாக அம்மாவிடம் சொன்னாயாம், சரி. போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டிப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டே ஒன்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "முன் டயர் ரெண்டும் மாத்துனதுல இருந்து, பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் கையில நடுங்குதுங்கப்பா" என்று. அலைன்மென்டாக இருக்கும் என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். மறுநாள் நீயும் அம்மாவும் ஸ்கூட்டரில் சிவன்மலை போயிருந்த நேரம், உன் காரை வாசலில் நிறுத்தி வீல் ஸ்பேனரைப் போட்டேன்.

இடது முன் சக்கரத்தில் முதல் நட்டு அசையவே இல்லை. வயசாகிவிட்டது, கையில் தெம்பு இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்ற பிறகு, கிரீச்சென்று கத்திவிட்டு இளகியது. அதற்கு எதிர் நட்டோ ஒரு கையாலேயே வந்துவிட்டது. ஒரே சக்கரத்தில் ஒன்று உயிர் போகிற இறுக்கம், ஒன்று ஏனோதானோ.

கணக்குப் போட்டுப் பார். உன் ஐ10 கையேட்டில் வீல் நட்டை முடுக்கும் அளவு 9 முதல் 11 கிலோகிராம்-மீட்டர் என்று இருக்கிறது, அதாவது ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் அத்தனை கிலோ அழுத்துவது. நியூட்டன்-மீட்டரில் சொன்னால் 88 முதல் 107. ஸ்பேனர் ஓர் அடி நீளம் என்று வைத்துக்கொள். அதன் நுனியில் சுமார் 33 கிலோ அழுத்தினால் 10 கிலோகிராம்-மீட்டர் வந்துவிடும். நான் 68 கிலோ. நுனியில் ஏறி நின்றால் 20ஐத் தாண்டும். அப்படியென்றால் அந்த நட்டு கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இறுக்கம் அதற்குள் போயிருக்கிறது. டயர் கடைப் பையனைத் திட்டவில்லை. அவன் கையில் ஏர் கன்னைக் கொடுத்து, வாசலில் பத்து வண்டியையும் நிறுத்திவிட்டார்கள், டர்ரென்று மூன்று விநாடி பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான். "டைட்டாத்தானுங்க இருக்கு" என்பான். டைட்டாகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை.

உன் வண்டியில் பிரேக் பிடிக்கும் வட்டத் தட்டு, அதாவது டிஸ்க், ஹப்புக்கும் (சக்கரத்தை மாட்டும் நடுக் குடம்) சக்கரத்துக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நட்டுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் டிஸ்க் மயிரிழை கோணும். மிதிக்கும்போது அந்தக் கோணல்தான் உன் கைக்கு நடுக்கமாக வந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, சக்கரம் உட்காரும் இடத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி அளவாக முடுக்கினேன். ஊதியூர் வரை ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. மீதியும் போகாவிட்டால் டிஸ்க்கை லேத்தில் போட்டுச் சீவ வேண்டியிருக்கும்.

ஊதியூர் என்றதும் இன்னொன்று. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

1998. உனக்கு ஐந்து வயது. பழனியில் உனக்கு மொட்டை அடித்துவிட்டு, இரவல் வாங்கிய ஆம்னி வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். தாராபுரத்துக்கு முன்னால் பின் சக்கரம் பஞ்சர், நல்ல மழை. டார்ச்சை அம்மா பிடிக்க, ஸ்டெப்னியை மாட்டினேன். சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போதே நட்டை முடுக்கினேன், முடுக்கும்போது சக்கரமும் கூடவே சுற்றியது. இறக்கிய பிறகு இன்னொரு முறை முடுக்க வேண்டும் என்று தெரியாதவனா நான்? பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஃபிட்டர். மழை, பசி, நீ அழுகிறாய். ஜாக்கியை உள்ளே தூக்கிப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஊதியூர் தாண்டும்போது பின்னால் டொக், டொக் என்று சத்தம். ரோட்டில் கல் என்று நினைத்தேன். சத்தம் வேகத்தோடு கூடவே வந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் நான்கு நட்டில் ஒன்றைக் காணோம். இரண்டு என் விரலுக்கே சுற்றின. சக்கரத்தின் ஓட்டைகள் தேய்ந்து முட்டை மாதிரி நீண்டிருந்தன. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நீ அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய், மொட்டைத்தலையில் பூசிய சந்தனம் அவள் சேலையெல்லாம். இருந்த மூன்றை முடுக்கி, மாட்டு வண்டி வேகத்தில் வீடு வந்தேன். நட்டு போனதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன், ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் சேறு இருந்திருக்கிறது. ஓட ஓட அது நசுங்கி வெளியேற, முடுக்கம் தானே விட்டுப்போயிற்று. நம் அப்பாரு வண்டியில் கடையாணி இருந்தால் போதும், சக்கரம் வெளியே வராது. கார் அப்படி இல்லை. நட்டை முடுக்கும்போது, அது ஏறும் மரை போட்ட கம்பி, அதாவது ஸ்டட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது, ஸ்பிரிங் மாதிரி. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. குறைந்தால் சக்கரம் நகர ஆரம்பித்து ஸ்டட்டையே வெட்டிவிடும். மிஞ்சினால் ஸ்டட்டு நீண்டது நீண்டதுதான், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பாது, மரையும் போய்விடும். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு போட்டவனுக்கு இது புரியும்.

எண்ணெய் மட்டும் விட்டுவிடாதே. உன் மாமன் மரைக்கு கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை கழற்றச் சுலபம் என்பார். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது, மற்றதெல்லாம் உராய்வுக்கே போய்விடுகிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், அதே அளவில் முடுக்கினாலும் ஸ்டட்டு கூடுதலாக இழுபடும். கையேட்டில் இருக்கும் அளவு காய்ந்த மரைக்கு. (முறுக்கு என்று நான் சத்தமாகப் படித்ததைக் கேட்டு அம்மா பார்சலில் ஒரு டப்பா வைத்திருக்கிறாள்.)

பார்சலை நேற்றே ஆம்னி பஸ் ஆபீசில் போட்டுவிட்டேன். உள்ளே டார்க் ரெஞ்ச் ஒன்றும் (நாம் வைத்த அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) 21 மில்லிமீட்டர் சாக்கெட்டும் இருக்கும். ரெஞ்சை 100 நியூட்டன்-மீட்டரில் வைத்துக்கொள். ஆனால் கண்டவருக்கெல்லாம் அந்த 100ல் முடுக்கிக் கொடுக்காதே. நம் பக்கத்து வீட்டுப் பழைய ஸ்விஃப்ட்டுக்கு 85தான், ஹோண்டா சிட்டிக்கு 108. சக்கரம் மேலே இருக்கும்போது நட்டைக் கையால் ஓட்டி, ஒன்றை முடுக்கினால் அடுத்து அதன் எதிர் நட்டு என்று லேசாகப் பிடி. தரையில் இறக்கியபின் ரெஞ்சைப் போட்டு, கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் நிதானமாக இழு. க்ளிக் என்றால் அவ்வளவுதான், நிறுத்திவிடு. இன்னொரு க்ளிக் கேட்க ஆசையாக இருக்கும், எனக்கும் இருக்கும். கழற்ற அதைத் தொடாதே, கழற்றுவதற்கு பழைய ஸ்பேனர் இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கி டப்பாவில் வை, உள்ளே இருப்பதும் ஸ்பிரிங்தான்.

இனி டயர் கடைக்குப் போனால், "ஏர் கன்ல லேசாப் பிடிச்சா போதுங்க, கடைசியா நானே முடுக்கிக்கறேன்" என்று சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சக்கரம் கழற்றி மாட்டிய பின் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். நீ போன தூரம் நானூறுக்கு மேல். ஆகவே பார்சல் வந்த அன்றே பார்.

அதுவரைக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன். உன் மேஜை டிராயரில் கிடந்த பழைய சிவப்பு நகப்பூச்சை எடுத்து, முன் சக்கரம் இரண்டிலும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டேன். நட்டு திரும்பியிருந்தால் கோடு உடைந்திருக்கும். இன்று சாயங்காலம் இறங்கி, எட்டுக் கோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. டிரைவர் பக்கம் ஒரு கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும், பயந்துவிடாதே. அதைப் போடும்போது கண்ணாடியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அன்புடன்,
அப்பா
காங்கயம்