தங்கைக்கு: பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன்

அன்புத் தங்கைக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "நீ மூணு வருஷம் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தவள்தானே அக்கா, நான் செய்யலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்றாய். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதே கேள்வியை மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே வைக்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

முதலில் உன் மூத்தவளின் வயிற்றுவலி. பள்ளி நாளில் காலையில் வலிக்கிறது, சனி ஞாயிறில் வலிப்பதில்லை, அப்படியென்றால் பள்ளிதான் காரணம் என்கிறாய். சரிதான். ஆனால் பள்ளிக்குள் எது? டீச்சரா, வேனா, பக்கத்து பெஞ்சா, சத்தமாக வாசிக்கச் சொல்லும் அந்த ஒரு பீரியடா? எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை இரண்டு மாதம் இப்படித்தான் தினமும் அழுதது. வீட்டில் வைத்தே படிக்கவைக்கலாம் என்று முடிவெடுத்துப் புத்தகமெல்லாம் வாங்கி அடுக்கிவிட்டார்கள். ஒருநாள் அவள் தன் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தது அம்மாவின் காதில் விழுந்தது: "நீ தண்ணி குடிக்காத. அங்க கதவுல தாழ்ப்பாள் இல்ல." பள்ளிக் கழிப்பறையைத்தான் சொல்லியிருக்கிறாள். காலையில் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை அடக்கிவைத்திருக்கிறாள் அந்தப் பிஞ்சு. அம்மா போய்ச் சண்டை போட்டுத் தாழ்ப்பாள் போடவைத்தாள். வலி நின்றது.

எல்லார் வலியும் ஒரு தாழ்ப்பாளில் தீர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. என்ன என்று தெரியாமல் பிள்ளையை வெளியே எடுக்காதே என்கிறேன். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடு. வாசிக்கத் திணறுகிறாள் என்றாயே, டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் வரும் கற்றல் சிரமமா என்று பார்த்துவிடு. அதுவாக இருந்தால், எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி பள்ளியில் இருந்தாலும் வேண்டும், வீட்டில் இருந்தாலும் வேண்டும். வெறும் பயம்தான் என்றால் இன்னும் கவனமாக இரு. போகவேண்டாம் என்ற அன்று பயம் சட்டென்று இறங்கும், ஆனால் திரும்பிப் போகவேண்டிய நாள் வரும்போது முன்னைவிடப் பெரிதாக நிற்கும். மற்றபடி அடியும் கேலியும் நடந்து, நீ சொல்லியும் பள்ளி அசையவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதைக் காதில் வாங்காதே, கூட்டிக்கொண்டு வந்துவிடு.

இப்போது நேற்று நான் சொல்லாமல் விழுங்கியதைச் சொல்கிறேன்.

இரண்டாவது வருஷம். என் மகளுக்கு ஒன்பது வயது. பின்னங்கள் ஆரம்பித்திருந்தோம். ½ + ⅓ என்று போட்டுக் கொடுத்தேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி ⅖ என்று எழுதினாள். உலகத்தில் பாதிப் பிள்ளைகள் செய்யும் தப்பு. தாளை மடித்துக் காட்டினேன். பாதியைவிட ⅖ சின்னது பார், பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று கேட்டேன். புரிந்தது என்று தலையாட்டினாள். மறுநாளும் ⅖. அதற்கு மறுநாளும் ⅖. ஐந்தாவது நாள் என் குரல் உயர்ந்தது. கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை, குரல் மட்டும்தான். அவள் அழவில்லை. ரப்பரை எடுத்து மெதுவாக அழித்தாள்.

அடுத்த வாரம் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினேன். உள்ளிருந்து நாலாக மடித்த தாள்கள் விழுந்தன. எல்லாம் கணக்கு நோட்டிலிருந்து கிழித்தவை. ஒன்றில் அந்த ⅖-ஐ அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிவிட்டது. எனக்குத் தெரியாமல் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறாள். வரவில்லை என்றதும் ஒளித்துவைத்திருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்குப் போன காலத்தில் டீச்சர் திட்டினால் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என் மடியில் விழுந்து அழுவாள். இப்போது டீச்சரும் நான்தான். இவள் எங்கே ஓடுவாள்?

வீட்டுக்கல்வி பற்றி நான் படித்த எதிலும் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பாடத்திட்டம் சொன்னார்கள், அட்டவணை சொன்னார்கள், தூண்டிவிட்டால் பிள்ளை தானாகப் படிக்கும் என்றார்கள். பிள்ளை தோற்றுப்போகும் இடமும் அதை ஆற்றும் இடமும் ஒன்றாகிவிடும் என்பது அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றே கணக்கை என் கையிலிருந்து எடுத்துவிட்டேன். வாரம் மூன்று நாள் சாயங்காலம் அவள் அத்தை வீடியோவில் சொல்லிக்கொடுத்தாள். நான் அந்த நோட்டைத் தொடுவதே இல்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து வந்து, "அத்தை இன்னிக்கி ரொம்ப அவசரப்படுத்துறாங்கம்மா" என்று என்னிடம் புகார் சொன்னாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது.

அதனால் என் முதல் கேள்வி இதுதான்: உன் பிள்ளை உன்னைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்? ஒருவராவது இருக்கிறாரா? அத்தையோ, தாத்தாவோ, வாரம் இரண்டு நாள் வரும் டியூஷன் டீச்சரோ, யாராக இருந்தாலும் சரி. அந்த ஆள் யார் என்று தெரியாமல் ஆரம்பிக்காதே.

லாக்டவுனில் வீட்டில் வைத்துச் சமாளித்தோமே என்றாய். 2020-ல் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பைப் பள்ளி மூடல் பாதித்தது. எத்தனையோ வீட்டில் அன்று நடந்தது வீட்டுக்கல்வி ஆகாது. என்ன படிக்கவேண்டும், எப்போது, எந்தப் பக்கம் என்பதைப் பள்ளி சொன்னது, நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாய். இனி அந்த முடிவெல்லாம் உன் தலையில். ஒரு ஆறுதல்: நேரம் அவ்வளவு தேவையில்லை. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால் பத்து வயசுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரப் பாடம் தாராளம். வருகைப்பதிவு, வரிசை, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது, எல்லாம் கழிந்துவிடும். ஆனால் மீதி நாள் முழுக்கவும் அவள் உன் கண்முன்னால்தான் இருப்பாள்.

நீ அனுப்பிய ஆராய்ச்சிச் செய்தியைப் படித்தேன். வீட்டில் படிப்பவர்கள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகளை நானும் ஒருகாலத்தில் பத்திரமாகச் சேர்த்துவைத்தேன். அமெரிக்காவில் லாரன்ஸ் ரட்னர் என்ற ஆய்வாளர் வீட்டில் படிப்பவர்களைப் பற்றி 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண்கள் இருந்தன, சராசரியைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் அந்தக் குடும்பங்களின் வருமானமும் படிப்பும் பொதுச் சராசரியைவிட அதிகம். இதை வைத்து வீட்டுக்கல்விதான் உயர்ந்தது என்று சொல்லமுடியாது என்று அவரே எழுதியிருக்கிறார். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984-ல் எழுதியதையும் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள்: தனியாக ஒருவரிடம் பாடம் கேட்ட சராசரி மாணவர், வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்று. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. அதோடு அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பெற்றோர் இல்லை. மதிப்பெண்ணை வைத்து இந்த முடிவை எடுக்காதே.

சட்டத்தை மட்டும் முதல் நாளே பார்த்துவிடு. இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதி இல்லை. அங்குள்ள பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போயும் 2006-லும் 2019-லும் தோற்றார்கள். சுவீடனில் 2011 முதல் மிக அசாதாரணமான காரணம் இருந்தால்தான். பிரான்சில் 2022 முதல் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டம் பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோர்மேல் வைத்து, பள்ளிக்கு அனுப்பியோ வேறு விதமாகவோ அதைச் செய்யலாம் என்கிறது. அந்த 'வேறு விதமாகவோ'தான் அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு வாசல். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் செல்லும், ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தியாவில், தினமும் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளி (NIOS) வழியாக 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அவள் எந்தப் பொதுத்தேர்வை எந்த வயதில் எழுதப்போகிறாள், அதற்கு யாரிடம் பதிவு செய்யவேண்டும் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிவை.

உன் வீட்டுக்காரர், "நீ செய், நான் பின்னால நிக்கிறேன்" என்று சொன்னாராம். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் பின்னால் நிற்பது போதாது. வாரத்தில் எந்தெந்த மணி நேரம் அவருடையது என்று கேள். அறிவியலோ ஆங்கிலமோ ஏதாவது ஒன்று முழுக்க அவர் பொறுப்பில் இருக்கட்டும். அவருக்கு அலுப்பாக இருக்கிறது என்று நீ எடுத்துச் செய்யும் முதல் நாளிலேயே எல்லாம் உன்மேல் சாய்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வேலையையும் விடாதே. ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுப்பார். உன் சம்பாத்தியத்தையும் உன் மரியாதையையும் பிள்ளையின் கணக்குப் பாடத்தில் அடகு வைத்துவிட்டு அவளிடம் பொறுமையாக இருப்பது ரொம்பக் கஷ்டம், தங்கச்சி.

சின்னவனை இதில் இழுக்காதே. அவன் குதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான், போகட்டும்.

பழக்கவழக்கம் வராது, நாலு பேரோடு சேரத் தெரியாது என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். நாற்பது ஒத்த வயசுப் பிள்ளைகளோடு ஓர் அறையில் இருப்பது மட்டும்தான் பழக்கமா? என் மகளுக்குப் பெரியவர்களிடம் கூச்சமில்லாமல் பேச வந்தது அந்த மூன்று வருஷத்தில்தான். நஷ்டம் நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. பன்னிரண்டு வயதில், வாலிபால் டீமில் சேரவேண்டும் என்று அவளே கேட்டுப் பள்ளிக்குத் திரும்பினாள். முதல் தேர்வில் தெரிந்த கேள்விகளையே பாதியில் விட்டுவிட்டு வந்தாள். நேரம் வைத்து, கை வலிக்க வலிக்க, உட்கார்ந்து எழுதிப் பழக்கமே இல்லை. அந்த வேகம் வர ஒரு வருஷம் பிடித்தது. நீ ஆரம்பித்தால் வாரம் ஒருமுறையாவது கடிகாரம் வைத்து எழுதவை.

இன்னொன்று. பள்ளியை விட்ட முதல் மாதங்களில் அவள் எதுவுமே செய்யமாட்டாள். விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பாள். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் இப்படிப் போகும் என்று இதில் பழகியவர்கள் சொல்வார்கள். கணக்காகச் சொல்லமுடியாது, என் மகளுக்கு இரண்டே மாதம்தான். அந்த நாட்களில் நீ பதறி அட்டவணையைக் கையில் எடுத்தால் வீடும் அவளுக்கு இன்னொரு பள்ளியாகிவிடும்.

ஆக, இப்போதைக்குப் பள்ளியிலிருந்து அவள் பெயரை எடுக்காதே. நீண்ட விடுமுறை வருகிறது அல்லவா, அதில் நாலு வாரம் நடத்திப் பார். உன் நேரம், அவர் நேரம், மூன்றாவது ஆளின் நேரம், மூன்றும் இருக்கட்டும். அது சரிப்பட்டு வந்தால் வரும் ஒரு வருஷத்துக்கு மட்டும், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் முடிவெடு. அதற்கடுத்த வருஷத்தைப் பற்றி அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அந்தத் தலையணைத் தாளை நான் தூக்கிப்போடவில்லை. மகளிடம் கேட்டேன், சித்தியிடம் காட்டலாமா என்று. "காட்டுங்கம்மா, ஆனா இப்ப எனக்கு அது வரும்னு சொல்லிடுங்க" என்றாள். அடுத்த மாதம் வரும்போது எடுத்து வருகிறேன்.

பிரியமுடன்,
அக்கா